வெள்ளிப் பூச்சுக்கு அடியில்: பழைய அலாய் சக்கரங்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவர் வாங்கிய பழைய காருடன் நான்கு அலாய் (அலுமினியக் கலவை) சக்கரங்கள் வந்தன. விற்றவர், காரைக் கைமாற்றுவதற்குச் சற்று முன்பாக, அவற்றுக்கு ஸ்பிரே கேனால் வெள்ளி நிறம் பூசியிருந்தார். விற்பனைக்கான படங்களில் அவை பளபளத்தன. நேரில் பார்த்தபோதும், குனிந்து பார்க்காதவரை, குறை சொல்ல ஒன்றுமில்லை. சில மாதங்கள் ஓடியதும் மூன்று தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டின.

பின் இடது டயரில் காற்று நிற்கவில்லை. 33 பி.எஸ்.ஐ. நிரப்பினால் ஒரு வாரத்தில் 27க்கு இறங்கிவிடும். பஞ்சர் பார்த்தார்கள், ஆணியும் இல்லை, துளையும் இல்லை. வால்வை மாற்றினார்கள், அப்போதும் இறங்கியது. முன் இடது சக்கரத்தில் நட்டுகள் தளர்ந்தன. முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சைக் கையேட்டில் இருந்த அளவுக்கு வைத்துச் சோதித்தபோது, ஏற்கெனவே இறுக்கிய நட்டுகளில் மூன்று நட்டுகள் கால் சுற்றுக்கும் மேல் திரும்பின. மூன்றாவது தொல்லை கண்ணுக்குத் தெரிந்தது: நான்கிலும் பூச்சு அங்கங்கே குமிழ்விட்டு, நகத்தால் கிள்ளினால் தோலாக உரிந்து வந்தது.

"மேலே இன்னொரு முறை அடித்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்டது. அவருக்குப் பூச்சு ஒரு பிரச்சினை, காற்று வேறொரு பிரச்சினை, நட்டு இன்னொன்று. ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்ததும் எனக்கு மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றியது. நட்டு அமரும் கூம்புக் குழிக்குள்ளும் வெள்ளி நிறம் இருந்தது.

வீட்டில் சக்கரத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுபவர்கள் எந்த நிறம், எந்த கேன், எத்தனை கோட் என்றுதான் பேசுகிறார்கள். என் கணிப்பில் இந்த வேலையில் பாதி, எங்கே பூசக் கூடாது என்பதை அறிவது. மீதியில் பெரும்பகுதி, பூசத்தான் வேண்டுமா என்று கண்டறிவது. கேனைக் கையில் எடுக்கும் நேரம் கடைசியில் வரும் ஒரு சிறு பகுதி மட்டுமே.

கழற்றியதும் கழுவியதும்

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் தாங்குகாலில் நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினோம். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று கம்பியில் ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். டயர்களை டயர் கடையில் இயந்திரத்தில் கழற்றிக்கொண்டோம். டயரை ரிம்மிலேயே விட்டு, இடையில் அட்டைகளைச் செருகிப் பூசும் வழியும் உண்டு. முகப்பை மட்டும் சரிசெய்வதற்கு அது போதும். இங்கே காற்று கசிந்ததால் டயர் உட்காரும் இடத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

சக்கரத்தில் படியும் கரிய தூளைப் பலர் சாலைப் புழுதி என்றே நினைக்கிறார்கள். அதில் கணிசமான பங்கு இரும்பு. பிரேக் பிடிக்கும்போது வார்ப்பிரும்பு டிஸ்க்கும் பேடும் தேய்ந்து, சூடான நுண்துகள்களாகப் பறந்து சக்கரத்தின் மேற்பூச்சில் பதிகின்றன. பதிந்த துகள் ஈரத்தில் துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு முன்பைவிட அதிக இடம் கேட்கும். சுற்றியிருக்கும் பூச்சைப் பிளக்கிறது. முன்சக்கரங்களில் பிரேக் வேலை அதிகம் என்பதால் இந்தக் கேடும் அங்கேதான் அதிகம். விற்றவர் இந்தத் துகள்களை அகற்றாமல் அவற்றின் மீதே பூசியிருந்தார். முன்சக்கரங்கள் இரண்டிலும் வெள்ளிப் பரப்பைத் துளைத்துக்கொண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் எழுந்திருந்தன.

இந்தத் தூளை உலர்ந்த தூரிகையால் தட்டவோ காற்றடித்து ஊதவோ கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. அது இல்லாவிட்டாலும் நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் அல்ல. நன்றாக நனைத்து, கார் ஷாம்பு போட்டு, மென்மையான தூரிகையால் கழுவினோம். பிறகு இரும்புத்துகள் நீக்கி. இந்தத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது தயோகிளைகோலேட் உப்பு. இரும்புடன் சேரும்போது ஊதா நிறமாக மாறி வழியும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் கரைசலிலும் இதே குடும்பத்துச் சேர்மம்தான் இருக்கிறது என்று சொன்னபோது நண்பர் நம்பவில்லை. முகர்ந்து பார்த்த அவருடைய மனைவி உடனே ஒப்புக்கொண்டார். நிழலில், குளிர்ந்த சக்கரத்தில், திரவம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நண்பர் எங்கோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, சமையல் அடுப்பைச் சுத்தம் செய்யும் நுரைக் கேன் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். அதைத் திறக்காமலே ஓரமாக வைத்தோம். அந்த வகைக் கேன்கள் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதைப் போலவே அலுமினியத்தையும் கரைக்கும். பூச்சு விட்டுப்போன இடமெல்லாம் கறுத்துவிடும். எதிர்ப்பக்கத்தில், சில தொழில்முறை சக்கரக் கழுவிகளில் அமோனியம் பைபுளோரைடோ ஹைட்ரோபுளோரிக் அமிலமோ இருக்கும். கறை நொடியில் போகும். ஆனால் தோல் வழியே உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடிக்கும் பொருள் அது, எரிச்சல்கூடத் தாமதமாகத்தான் தெரியலாம். கேனின் பின்புறத்தில் இந்தப் பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது வீட்டுக்குரிய பொருள் அல்ல.

சக்கரம் அதிராமல் சுழல ஒட்டியிருந்த பழைய சமநிலை எடைகளின் ஒட்டுப்பசையை வெப்பக்காற்றால் இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெயால் துடைத்தோம்.

எந்தப் பூச்சு யாருடையது

சுத்தமான சக்கரத்தில் செய்த முதல் சோதனைக்கு ஒரு வெள்ளைத் துணியும் கொஞ்சம் தின்னரும் போதுமானதாக இருந்தது. ஸ்பிரே கேனிலிருந்து வரும் சாதாரணப் பூச்சு, கரைப்பான் ஆவியாகிக் காய்வது. தின்னர் பட்டதும் இளகித் துணியில் நிறம் ஏறும். தொழிற்சாலைப் பூச்சு சூளையில் சுட்டு இறுக்கப்பட்டது. ஒருமுறை துடைப்பதால் அது அசையாது. துணியில் வெள்ளி ஏறிக்கொண்டே இருந்து, ஓரிடத்தில் நின்றது. அதற்குக் கீழே சற்று அடர்ந்த சாம்பல் கலந்த வெள்ளி, மேலே நிறமற்ற தெளிபூச்சுடன். அதுதான் அசல்.

விற்றவர் அசல் பூச்சை உப்புத்தாளால் தேய்க்காமல் அப்படியே அதன் மேல் அடித்திருக்கிறார் என்பதும் இதில் தெரிந்தது. வழுவழுப்பான தெளிபூச்சின் மேல் புதிய பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. தோலாக உரிந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். எங்களுக்கு அது ஒரு வகையில் உதவி: அவர் ஒழுங்காகத் தேய்த்துப் பூசியிருந்தால் அசல் பூச்சைக் காப்பாற்றியிருக்க முடியாது.

நான்கு சக்கரங்களின் நிலையும் இங்கே பிரிந்தது. முன் இடதில் இரும்புத்துகள் அசல் பூச்சையும் துளைத்திருந்தது. முன் வலதில் நடைமேடை ஓரத்தில் உரசிய காயம். அதைப் பட்டி வைத்து மறைத்திருந்தார்கள். பின் இடதில், டயர் உட்காரும் வளையம் முழுவதும் வெள்ளைப் பொடி. பின் வலதோ, மேல்பூச்சு நீங்கியதும், ஏறக்குறையப் புதிது. அசல் தெளிபூச்சு முழுதாக இருந்தது; மெருகுக் குழம்பு தேய்த்தால் போதும், கேனே வேண்டாம். நான்கில் அழகானது அதுதான்.

அழகான சக்கரம் கழிந்த கதை

கழுவி முடித்து நான்கையும் உள்பக்கம் மேலே தெரியும்படி வெயிலில் காய வைத்திருந்தோம். பின் வலதில் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும், உள் விளிம்பை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றது. துடைத்தால் போகும், சற்று நேரத்தில் மறுபடி தோன்றும். விரிசலுக்குள் தேங்கிய நீர் மெல்ல வெளியேறும்போது இப்படித்தான் தெரியும்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஊடுருவு சாயச் சோதனை செய்தோம். வெல்டிங் வேலைகளைச் சரிபார்க்கப் பயன்படும் இந்தச் சாயம் கேன்களாகவே கிடைக்கிறது. இடத்தைக் கரைப்பானால் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, வெள்ளைப் பொடிக் கரைசலை மெல்லிதாக அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயத்தைப் பொடி வெளியே இழுக்கும். சில நிமிடங்களில் வெள்ளைப் பரப்பில் சிவப்புக் கோடு ஒன்று, கண்ணுக்குத் தெரிந்ததைவிட நீளமாக, விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடியது. ஏதோ ஒரு பள்ளத்தில் பலமாக விழுந்ததன் விளைவு. விரிசல் இன்னும் மறுபக்கம் வரை போகாததால் காற்று இறங்கவில்லை. அதனாலேயே யாரும் சந்தேகிக்கவில்லை.

வெல்டிங் வைக்கலாமே என்றார் நண்பர். கார்களில் வரும் வார்ப்பு அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் ஏ356 என்னும் கலவையில் செய்யப்படுகின்றன: அலுமினியத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கன், சிறிதளவு மக்னீசியம். இதற்கு வலிமை வருவது வார்ப்பினால் மட்டுமல்ல, பிறகு செய்யும் வெப்பப் பதத்தாலும்தான். சுமார் 540 டிகிரி செல்சியஸில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, பின் 150 முதல் 180 டிகிரி வரை மிதமான சூட்டில் சில மணி நேரம் முதிரவிடுவார்கள். வெல்டிங் சூடு அந்தப் பதத்தை அந்த இடத்தில் கலைத்துவிடும். விரிசல் மூடியிருக்கும்; பக்கத்தில் உள்ள உலோகம் மென்மையாகிவிட்டிருக்கும். வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு இதில் ஒன்றே ஒன்று. அந்தச் சக்கரத்தை மறுவிற்பனைக்குப் போகாதபடி விளிம்பை அறுத்துப் பழைய உலோகத்தில் போட்டோம்.

(பவுடர் கோட்டிங் செய்ய வீட்டு அடுப்பில் சக்கரத்தைச் சுடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். அந்தப் பொடி 180 முதல் 200 டிகிரி வரை சுட்டால்தான் இறுகும். முதிரவிடும் சூட்டைத் தாண்டிய வெப்பநிலை அது. கட்டுப்பாடான சூளையில், அளந்த நேரத்தில் செய்பவர்களுக்கும், வீட்டு அடுப்பின் வெப்பநிலை முள்ளை நம்பிச் சுடுபவர்களுக்கும் வித்தியாசம் உண்டு.)

மாற்றுச் சக்கரம் தேடும்போது, பழைய சக்கரத்தின் உள்பக்கத்தில் வார்த்திருந்த எழுத்துகள்தான் வழிகாட்டின: 16 அங்குல விட்டம், 6.5 அங்குல அகலம், ஜே வகை விளிம்பு, ஈ.டி. 45. இந்தக் கடைசி எண், சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டப்படும் சுழலும் பகுதி) அமரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. இது மாறினால் டயர் உள்ளே உரசலாம், அல்லது வெளியே துருத்தலாம். நட்டுத் துளைகள் அமைந்த வட்டம், மையத் துளை, தாங்கும் எடை ஆகியவையும் பொருந்த வேண்டும். அதே வகைச் சக்கரம் ஒன்று, முகப்பில் கீறல்களோடு, கிடைத்தது. பணம் கொடுப்பதற்கு முன் அதிலும் சாயச் சோதனையைச் செய்தோம். கோடு எதுவும் வரவில்லை. கீறல் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை.

நட்டு ஏன் தளர்ந்தது

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், ஏனென்றால் காற்று இறங்கினால் வண்டி நிற்கும். நட்டு கழன்றால் சக்கரம் தனியே ஓடும்.

சக்கரத்தை ஹப்பில் தாங்குவது போல்ட்டுகளின் தண்டு என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், நட்டுகள் சக்கரத்தை ஹப் முகத்தோடு வைத்து அழுத்தும் விசையும், அதனால் எழும் உராய்வும்தான் தாங்குகின்றன. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், ஒரு நட்டு மட்டும் ஏறத்தாழ 4 டன் எடைக்கு நிகரான விசையோடு அழுத்தும். அந்த விசை எங்கிருந்து வருகிறது? இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது; நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த நீட்சி பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும்.

கேனிலிருந்து நான்கைந்து கோட் அடித்தால் சேரும் தடிமனும் ஏறக்குறைய அதே அளவுதான். கூம்புக் குழியிலும் ஹப் முகத்திலும் அந்தப் பூச்சு இருக்கிறது. நட்டை இறுக்குகிறோம், ரெஞ்ச் சரியான அளவைக் காட்டுகிறது. பிறகு பிரேக்கின் சூட்டிலும் ஓட்டத்தின் அதிர்விலும் பூச்சு நசுங்கிப் பிதுங்குகிறது. அது விட்டுக்கொடுத்த இடத்துக்கு போல்ட் சுருங்குகிறது. அழுத்தும் விசையில் பெரும்பகுதி போய்விடுகிறது. நட்டு சுழன்று கழல வேண்டியதுகூட இல்லை. அதே இடத்தில் இருந்தபடியே தளர்ந்துவிடும். முன் இடது சக்கரத்தின் குழிகளில், வெளியே பிதுங்கிய வெள்ளிப் பிசிறுகள் வளையமாக நின்றன.

காற்று இறங்கியதும் இதற்கு உறவுள்ள கோளாறுதான். டியூப் இல்லாத டயரில் காற்றை அடைப்பது ரிம்மின் ஓரத்தில் 5 டிகிரி சாய்ந்திருக்கும் ஒரு குறுகிய வளையம். டயரின் கம்பி விளிம்பு அந்தச் சரிவில் ஏறி இறுகுவதால்தான் அடைப்பு உண்டாகிறது. பின் இடதில் அந்த வளையத்தின் அசல் பூச்சு முன்பே விரிசல் கண்டு, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி தட்டியிருந்தது. அதன் மேலேயே பூசிய வெள்ளி, டயரை ஏற்றும்போது சிம்புகளாகப் பெயர்ந்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு சிம்பின் ஓரத்திலும் காற்றுக்கு ஒரு வழி. டயர் கழற்றும் முன்பு சோப்பு நீர் ஊற்றிப் பார்த்திருந்தோம். குமிழிகள் விளிம்பு நெடுகிலும், ஒரே இடத்தில் இல்லாமல், வந்தன.

ஆகவே எங்கள் வேலைத் திட்டத்தில் மூன்று இடங்களுக்குப் புதிய பூச்சு கிடையாது: நட்டுக் குழி, ஹப் முகம், டயர் உட்காரும் வளையம். நான்காவதாக நானே ஒன்றைச் சேர்த்தேன். சமநிலை எடை ஒட்டும் உள்சுவர்ப் பட்டை. அங்கே அசல் பூச்சு நன்றாக இருந்தது. இளம்பூச்சின் மேல் எடையை ஒட்டினால், எடை பூச்சையும் கூட்டிக்கொண்டு கழன்று விழும்.

உரித்தல், தேய்த்தல்

கேன் பூச்சு முழுவதையும் தின்னரிலேயே எடுத்துவிட்டோம். அசல் பூச்சையும் உரிக்க வேண்டிய இடங்களுக்கு பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான களிம்பு. மெதுவாக வேலை செய்யும். தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரவு முழுவதும் விட வேண்டும். முன்னாளில் டைகுளோரோமீத்தேன் களிம்பு பத்து நிமிடத்தில் இதைச் செய்துவிடும். மூடிய இடங்களில் அதன் ஆவியால் உயிர்கள் போனதால், 2019இல் அமெரிக்கா பொதுமக்களுக்கு அதைப் பூச்சு உரிக்கும் பொருளாக விற்பதை நிறுத்தியது. அவசரம் இல்லாத வேலைக்கு அந்த வேகம் தேவையில்லை. சுரண்டிய கழிவைச் சாக்கடையில் விடாமல் டப்பாவில் சேர்த்து, பெயிண்ட் கழிவோடு ஒப்படைத்தோம்.

பின் இடதின் முகப்பில், கல் பட்ட ஒரு சிறு வடுவிலிருந்து தெளிபூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து போயிருந்தன. இழை அரிப்பு என்று சொல்லலாம். இழையின் தலைப்பகுதியில் அமிலத்தன்மை கொண்ட ஈரம் இருக்கும். அது பூச்சைத் தூக்கிக்கொண்டே முன்னேறும். பின்னால் காய்ந்த பொடி மிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் கோட்டோடு நிறுத்தினால், தலை உள்ளேயே இருந்துவிடும். கோடு முடிந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு விரற்கடை தாண்டி, பளிச்சென்ற உலோகம் வரும்வரை உரித்தோம். முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவி, வெறும் அலுமினியத்தின் மேல் தெளிபூச்சு மட்டும் கொடுத்த சக்கரங்களில் இந்த நோய் இன்னும் எளிதாக வரும். அந்த வகை முகப்பை வீட்டில் மீட்க முடியாது. உப்புத்தாள் தேய்த்தால் கடைசல் வரி அழிந்துபோகும். முழுவதுமாகப் பூசிவிடுவது ஒன்றே வழி.

தேய்ப்பதற்குச் சாதாரண இரும்புக் கம்பித் தூரிகையைத் தொடவில்லை. அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து, பின்னால் துருப்புள்ளிகளாக எழும். நைலான் தேய்ப்பு அட்டையும் உப்புத்தாளும் போதும். முன் வலதின் உரசல் காயத்தில் இருந்த பழைய பட்டியை எடுத்துவிட்டு, மெல்லிய அரத்தால் முனைகளை மட்டும் மழித்து, 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 240, 320 என்று ஏறினோம். எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கோடுகள் வெள்ளி நிறத்துக்குக் கீழே தெரியும். வெள்ளி எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். விளிம்பின் வெளிமுகத்தில் மிஞ்சிய ஆழமில்லாத குழிகளுக்கு மட்டும் பட்டி வைத்தோம். பட்டி வலிமை தராது; ஆரத்திலோ நட்டுத் துளை அருகிலோ அதற்கு இடமில்லை. அலுமினியத் தூள் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது என்பதால் பெரும்பாலும் நீர் விட்டே தேய்த்தோம்.

டயர் வளையத்தை நைலான் அட்டையால் வெள்ளைப் பொடி முழுதும் போகும்வரை தேய்த்தோம். சில நுண்குழிகள் மிஞ்சின. அங்கே பெயிண்டுக்குப் பதிலாக, டயர் ஏற்றும்போது தடவும் ரப்பர் அடைப்புக் கரைசலைக் கடைக்காரர் பூசினார்.

பூச்சு

அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட கணத்திலேயே சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அது உலோகத்தைக் காக்கிறது, ஆனால் ஈரத்தையும் விரல் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். தேய்த்து முடித்த அன்றே கரைப்பானால் துடைத்து, புதிய கையுறையுடன் பிரைமர் அடித்தோம். வெறும் உலோகத்துக்கு அமிலம் கலந்த எட்ச் பிரைமர், மிக மெல்லிதாக, அடியில் உலோகம் சற்றுத் தெரியும் அளவுக்கு. பட்டியை எட்ச் பிரைமரின் மேல் வைக்கக் கூடாது. அதிலுள்ள அமிலம் பட்டியின் கெட்டிப்பானோடு ஒத்துப்போகாது. அதனால்தான் பட்டி வேலையை முன்பே முடித்துக்கொண்டோம். அதன் மேல் நிரப்பு பிரைமர். காய்ந்ததும் 400, பிறகு 600 எண் நீர்த்தாள்.

நட்டுத் துளைகளைக் காது அடைக்கும் நுரைத் தக்கைகளால் மூடினோம். மலிவான பொருள், துளையின் வடிவத்துக்குத் தானே விரிந்து அடைத்துக்கொள்கிறது. ஹப் முகத்துக்கும் வளையத்துக்கும் மாஸ்கிங் டேப்.

நிறம் அடிப்பதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஈரப்பதம் குறைந்த நாள், 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், மெல்லிய கோட்டுகள், இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். ஆரங்களின் பக்கச்சுவர்களை முதலில் அடித்து, முகப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளி நிறத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு: அதிலுள்ள உலோகச் செதில்கள் ஈரமான கோட்டில் மிதந்து திட்டுத்திட்டாகப் படியும். கடைசிக் கோட்டைச் சற்றுத் தள்ளி நின்று, தூறலாக விட்டால் நிறம் சமமாகும். கேனில் அச்சிட்டிருக்கும் மறுகோட் நேரத்தை மீறக் கூடாது. சில வகைகளில் முதல் மணி நேரத்துக்குள் அல்லது இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த கோட். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அடிக்கோட் சுருங்கிச் சுருண்டுவிடும்.

தெளிபூச்சில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். நண்பர், கெட்டிப்பான் கலக்கும் இரட்டைக்கூறு கேன் வேண்டும் என்றார். அது பெட்ரோலையும் பிரேக் எண்ணெயையும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் ஆஸ்துமாவைக் கிளப்பும். அதை அடிப்பவர்கள் வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகமூடியோடு, தனி அறையில் அடிக்கிறார்கள். எங்களிடம் இருந்தது திறந்த கொட்டகையும் சாதாரண கரி வடிகட்டி முகமூடியும். ஒற்றைக்கூறு தெளிபூச்சையே அடித்தோம். அதற்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தே எடுத்த முடிவு.

ஏற்றியதும் அதன் பிறகும்

தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். டயர் இயந்திரத்தின் பிடிகளைத் தாங்கும் நிலை வர ஒரு வாரமாவது ஆகும். முகர்ந்தால் கரைப்பான் வாடை அடிக்கும் சக்கரத்தை டயர் கடைக்கு எடுத்துப் போகக் கூடாது. புதிய வால்வுகள் போட்டு, டயர் ஏற்றி, சமநிலையும் பார்த்தார்கள். ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டிச் சுத்தமாக்கிய பிறகே சக்கரங்களை மாட்டினோம். நட்டுகளை நட்சத்திர வரிசையில், கையேட்டின் அளவுக்கு, மரையில் எண்ணெய் விடாமல் இறுக்கினோம். எண்ணெய் விட்டால் அதே முறுக்குக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சோதித்தபோது எந்த நட்டும் அசையவில்லை. அதற்குப் பின் சோதித்தபோதும் அப்படியே.

பின் இடதில் காற்று மாதத்துக்கு 1 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்குகிறது. மற்ற மூன்றிலும் அதே அளவுதான். ரப்பர் வழியாக இயல்பாகப் போகும் காற்று அது. (அளப்பது எப்போதும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்; வெப்பநிலை 5, 6 டிகிரி மாறினாலே 1 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வந்துவிடும்.)

தோற்றத்தில் சில குறைகள் வந்திருக்கின்றன. நட்டுத் துளைகளின் வாயில், ரெஞ்ச் குழாய் உரசிய இடத்தில், பூச்சு சில்லுகளாகப் பெயர்ந்தது. மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தோம். முன்சக்கரங்களின் தெளிபூச்சு பின்னவற்றைவிடச் சற்று மங்கத் தொடங்கியிருக்கிறது. பிரேக் வேலை பார்த்தபோது முன் வலதில் ஒரு துளி பிரேக் எண்ணெய் விழுந்து, உடனே துடைத்தும் ஒரு வட்டத் தழும்பு நிற்கிறது. ஒற்றைக்கூறு பூச்சு இப்படித்தான் நடந்துகொள்ளும். மாற்றாக வாங்கிய சக்கரம் நாலோடு நாலாகக் கலந்துவிட்டது. எது என்று நண்பராலேயே இப்போது சொல்ல முடிவதில்லை.

வேலை பிடித்துப்போன நண்பர், டிக்கியில் கிடந்த உபரிச் சக்கரத்தையும் எடுத்து வந்தார். அது எஃகுச் சக்கரம், ஓரங்களில் துரு. எஃகுக்குக் கம்பித் தூரிகை, பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துருமாற்றி, எபாக்சி பிரைமர், மேலே கறுப்பு என்று வழி எளிது. பூசக் கூடாத இடங்கள் அதிலும் அவையேதான். தூரிகையை எடுக்கும் முன் டயரின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு இலக்க எண் 0911. அதாவது 2011ஆம் ஆண்டின் 9ஆம் வாரத்தில் செய்த டயர். பக்கச்சுவரில் நெடுக வெடிப்புகள். ரிம்மை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டயரை வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.